தற்காலிகம்

தை ஒன்பது, இரவு இரண்டே கால்.
மன்னார்குடியில், உரக்கடை மாடியில்
நெல் கொள்முதல் கணக்கு எழுதுகிற சர்வர்
இனி எழுத மாட்டேன் என்றது.
படிக்கலாமாம். எழுதத்தான் கூடாதாம்.
மழைக்குப் பயந்து ராத்திரியும் எடை போடுகிறார்கள்.
கோட்டூர் களத்திலிருந்து பக்கிரிசாமி போனில் கத்துகிறார்:
"எடை போட்ட மூட்டைக்கு ரசீது வரலைம்மா,
பொட்டுப் பொட்டாத் தூறுது வேற."

ஒரே இரும்புப் பெட்டிக்குள் ஆறு மெய்நிகர் எந்திரங்கள்,
ஆறு குடித்தனம்.
ஆளுக்கு ஐந்நூறு ஜி.பி. என்று
எழுதிக் கொடுத்தவள் நான்.
பெட்டியில் இருந்தது மொத்தமே இரண்டாயிரம்.
எல்லாரும் ஒரே நாளில் கேட்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.
முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஊரில் பிறந்தவளுக்கு
இந்தக் கணக்கைச் சொல்லியா தர வேண்டும்.
கடைமடை காய்ந்த பிறகுதான்
தலைமடையில் குடித்தது யார் என்று தேடுவோம்.

தேடினேன்.
ஆடிப்பெருக்கு அன்று, அப்டேட் போடுமுன்
ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறேன்.
அழிக்க மறந்திருக்கிறேன்.
வைத்த பெயர்: தற்காலிகம்.
அன்றிலிருந்து மூல வட்டைத் தொடாமல்
அன்றன்றைய மாற்றமெல்லாம் தனியே படிந்திருக்கிறது,
குறுவை அறுப்பு, தாளடி நடவு, இப்போது சம்பா,
வண்டல் மேல் வண்டல்.
அப்படி வளர்கிற கோப்புக்கு எங்கள் தொழிலில் பெயர்
டெல்டா.
நான் வைத்ததில்லை.
சிரிப்பு வந்தது. இரண்டாயிரத்தில் மிச்சம் பூஜ்யம் என்று பார்த்ததும்
போய்விட்டது.

"மொதல்ல நகல் எடு" என்றாள்
கூத்தாநல்லூர் ஷர்மிளா பர்வீன், போனில், கொட்டாவியோடு.
என் சொந்த வட்டில் இருந்த சினிமாக்களை அழித்து
எடுத்தேன். ஒன்றரை மணி நேரம்.
யாரும் தொடாத பயிற்சி எந்திரம் ஒன்றைத் தூக்கினேன்,
அறுபது ஜி.பி. மூச்சு.
பிறகு எழுப்பினேன். கறுப்புத் திரை.
எஃப்.எஸ்.சி.கே. கேட்கத் தொடங்கியது:
இதற்கு வீடில்லை, சேர்க்கவா? ஆம்.
இந்தக் கட்டத்தை இரண்டு கோப்புகள் கோருகின்றன,
பிரித்துக் கொடுக்கவா? ஆம்.
இதன் நீளம் பொய், வெட்டவா?
விரல் நின்றது.
வெட்டுகிற இடத்தில் யாருடைய மூட்டையோ.
"எல்லாத்துக்கும் ஆமான்னு ஒரே அடியாப் போடேன்டி."
போடவில்லை.
நூற்றுப் பன்னிரண்டு கேள்விக்கும்
தனித்தனியாய்த் தலையாட்டினேன்.

தொலைந்து கிடைத்தவற்றுக்கென்று ஓர் அடைவு உண்டு.
அதில் பதினோரு கோப்புகள்,
பெயரில்லை, எண் மட்டும்.
பத்தில் குப்பை.
ஒன்றில் பாதி ரசீது:
...யம்மாள், 38 மூட்டை, ஈரப்பதம் 17.
அதற்கப்புறம் வெறும் சுழியங்கள்.

"நம்ம பக்கம் பாதிப்பேரு யம்மாதானேம்மா"
என்றவர் போனை அணைக்காமலே களத்துக்குள் நடக்கிறார்.
தார்ப்பாய் சரசரக்கிறது. லாரியில் யாரோ இருமுகிறார்கள்.
"முப்பத்தெட்டு யாருது? முப்பத்தெட்டு!"
வெகுநேரம் கழித்து ஒரு பெண்குரல்:
"முப்பத்தொம்பது."

ஒரு மூட்டை
வட்டில் தொலைந்ததா களத்தில் தொலைந்ததா,
கேட்டுச் சொல்ல ஒரு கட்டளையும் கிடையாது.
எண்ணச் சொன்னேன்.

ஆடியையும் தையையும் ஒன்றாய்ச் சேர்க்கும் வேலையை
ஓடவிட்டிருக்கிறேன். நடுவில் நிறுத்தக் கூடாது.
தொண்ணூற்றொன்பதில் நிற்கிறது.
சன்னலுக்கு வெளியே பாமணி வெளுக்கிறது,
கீழே உரக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்குகிறார்,
யூரியா வாடை.
மேசையில் என் அடையாள அட்டை கவிழ்ந்து கிடக்கிறது.
தற்காலிகப் பணியாளர். இது ஏழாம் வருடம்.
காதில் வைத்த போனில்
நனைந்த சாக்கைத் தட்டித் தட்டி எண்ணுகிறார்கள்,
இருபத்தாறு,
இருபத்தேழு, இரு, அது எண்ணினதுதான்,
இருபத்தேழு